நூறு கோடியே ஒன்றை ஏழால் வகுத்த கதை

நூறு கோடியே ஒன்றை நீங்கள் எப்போதாவது ஏழால் வகுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். எங்கள் ஊரில் மைக் பிடித்துக் கணிதம் படிப்பிக்கிற ஒருவரே பார்க்கவில்லை. பார்க்காமலே அந்த எண்ணைப் பனராக அடித்து, மூன்று மாடிக் கட்டடத்தின் நெற்றியில் கட்டினார்.

அந்தப் பனர் ஏறிய பின்னேரம் நல்ல ஞாபகம். துறைமுகப் பக்கமிருந்து காற்று. காற்றில் டீசலும் கருவாடும் பாதிப் பாதி. மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, பனர் பாய்மரம் மாதிரி ஊதிக்கொண்டு அவர்களையே கடலுக்குக் கூட்டிப்போகப் பார்த்தது. கீழே இரண்டு மான்கள், விழுந்து கிடந்த பழைய நோட்டீஸ்களைத் தின்றுகொண்டு நின்றன. எங்கள் ஊரான திருமலையின் மான்களுக்கு ரியூசன் நோட்டீஸ் என்றால் உயிர். அதைக் கடைசி எழுத்துவரை முடிக்கிறது அவை மட்டும்தான்.

காற்று கொஞ்சம் அடங்க, பனர் விரிந்தது. மேலே "முதன்மைச் சுடர் கல்வியகம்". (பெயரைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தலைக்கனத்தை மாற்றவில்லை.) நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு அந்தக் கணித ஆசிரியர், ஊரார் வாயில் "சேர்". அவருக்குக் கீழே, ஆள் உயரத்தில்:

1000000001
முதன்மை எண். எங்களைப் போல. யாராலும் வகுக்க முடியாது.

எனக்குப் பக்கத்தில் நின்ற பஹீமா அண்ணாந்து பார்த்தாள். பஸ் வருது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஏழால போகுதுடீ."

வாப்பாவின் நிபந்தனை

பஹீமாவும் நானும் கம்பஸில் ஒரே அறை, ஒரே பாடம், ஒரே தரத்தில் தேர்ச்சி. வெளியே வந்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பட்டம்: வேலையற்ற பட்டதாரி. நான் அந்தப் பட்டத்தை வீட்டில் இருந்தபடி அனுபவித்தேன். அவள் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வந்து, டவுனில் அவளுடைய சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், ஹாட்வெயார் கடைக்குப் பின்னறையில் ஒரு வகுப்புத் தொடங்கினாள். ஒரு பக்கம் சீமெந்து மூட்டை, ஒரு பக்கம் பைப் கட்டு, நடுவில் ஏழாம் ஆண்டு கணிதம். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது தலையில் லேசாகச் சாம்பல் நிறம் இருக்கும். ஆனால் பின்னம் விளங்கியிருக்கும்.

அவளுடைய வாப்பா கெட்டவர் இல்லை. நிபந்தனை போடுகிறவர், அவ்வளவுதான்.

"இந்தப் பள்ளித் தவணை முடியுறத்துக்குள்ள வகுப்பு நிண்டு பிடிச்சா நீ இஞ்சயே இரி, படிப்பி. நான் ஒண்டும் செல்லமாட்டன். இல்லாட்டி நானாட கூட்டாளிக்கு ஓம் எண்டு செல்லுவம். மனிசன் கட்டார்ல எவ்வளவு நாளைக்குத்தான் பாத்துக்கிட்டு இரிப்பான்?"

அவளுடைய நானாவின், அதாவது அண்ணனின், கூட்டாளியின் படத்தை நானும் பார்த்தேன். யாருடையதோ ஒரு காரில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"ஆள் நல்லம்டீ," என்றாள் பஹீமா. "ஆனா அங்க போய் நான் என்ன செய்ற? ஏசிய போட்டுக்கிட்டுச் சோறாக்குறதா? எனக்குப் படிப்பிக்கணும். இஞ்ச."

ஆக, வகுப்பு நிலைத்தால் திருமலை. படுத்தால் கட்டார். இந்த நிலைமையில்தான் அவளுடைய வகுப்புக்கு நேர் எதிரே அந்தப் பனர் ஏறியது. அடுத்த கிழமையே பிள்ளைகள் தெருவைக் கடக்கத் தொடங்கினார்கள். ஒரு தாய் வந்து, உண்மையான கவலையோடு, காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

"கோவிச்சுக்கொள்ளாதீங்க மகள். அந்த சேர் தனக்கெண்டு ஒரு எண் வச்சிருக்கார். நீங்க என்ன வச்சிருக்கிறீங்க?"

பஹீமா சீமெந்து மூட்டைகளைப் பார்த்தாள்.

ஒன்று கூட்டுகிற வியாதி

ஏன் நூறு கோடி இல்லை, நூறு கோடியே ஒன்று? இதற்கு எங்கள் மாமாவைக் கேட்க வேண்டும். (போன கிழமை இந்த வார இதழில் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதியதற்கு இன்னும் கோபத்தில் இருக்கிறார். இதையும் வாசிக்கட்டும்.)

கலியாண வீட்டுக்குப் போகும்போது மாமா என்வலப்புக்குள் ஆயிரம் வைக்கமாட்டார். ஆயிரத்தொன்று. அந்த ஒற்றை நாணயம் உள்ளே கிடந்து கிணுகிணுக்கும். ஏன் என்று கேட்டால் பேராசிரியர் மாதிரித் தொண்டையைச் செருமுவார்.

"ஆயிரத்தைப் பாதியாப் பிரிக்கலாம் பிள்ளை. ஒண்டு கூட்டினா பிரிக்கேலாது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் பிரியக்கூடாதெல்லோ."

பாதியாகப் பிரிக்க ஏலாது என்பது சரி. பிரிக்கவே ஏலாது என்பதுதான் பிழை. ஆயிரத்தொன்று என்பது 7 × 11 × 13. மாமா ஆசீர்வாதம் செய்த தம்பதிகள் எல்லாரும் ஏழாக, பதினொன்றாக, பதின்மூன்றாகப் பிரிந்துபோக வசதி உள்ளவர்கள். ஐந்நூற்றொன்று மூன்றால் போகும். பத்தாயிரத்தொன்று 73 × 137. கலியாணத் தொகைகளுக்குள் உடையாமல் நிற்கிறது நூற்றியொன்று மட்டும்தான். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "நூத்தியொண்டு வச்சா சாப்பாட்டுப் பந்தியில கதிரை தரமாட்டாங்கள்."

சேருக்கும் இதே வியாதிதான். பெரிய எண் ஒன்று எடு, ஒன்றைக் கூட்டு, உடையாது என்று நம்பு. மாமா என்வலப்புக்குள் செய்ததை இவர் கட்டடத்தில் செய்தார்.

ஆனால் இந்த இரண்டு பேருடைய பிழையும் ஒரே பிழை என்பதுதான் இதில் அழகான இடம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஆயிரத்தொன்று ஏழால் மீதியில்லாமல் போகும். அப்படியென்றால் ஏழின் பார்வையில் ஆயிரம் என்பது "ஒன்று குறை". ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் குறையும் குறையும் பெருகி "ஒன்று கூட" ஆகிவிடும். அது பத்து லட்சம். இன்னொரு ஆயிரத்தால் பெருக்குங்கள், திரும்பவும் "ஒன்று குறை". அதுதான் நூறு கோடி. ஒன்று குறைகிற எண்ணுக்கு ஒன்றைக் கூட்டினால் குறை தீர்ந்தது, ஏழு அதை மீதியில்லாமல் விழுங்கும். பதினொன்றும் பதின்மூன்றும் அப்படியே. மிஞ்சுவது 999001. அதைப் பத்தொன்பது உடைக்கும். கடைசியில் 52579 மட்டும் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும்.

யாராலும் வகுக்க முடியாத எண்ணுக்கு ஐந்து முதன்மைக் காரணிகள். இவ்வளவு தாராளமாக உடைகிற ஒரு எண்ணைத் தேடி எடுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

பிரதம விருந்தினர்

குற்றத்தில் பாதி சொல்லிலும் இருக்கிறது.

தன்னாலும் ஒன்றாலும் மட்டும் வகுபடுகிற எண்ணுக்குத் தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள். பகாது, அதாவது பிரியாது. சொல்லைக் கேட்டாலே வேலை விளங்கிவிடும். நாங்கள் முதன்மை எண் என்கிறோம். எங்கள் ஊரில் முதன்மை என்றால் முதன்மை விருந்தினர். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வருதல். சேருடைய கல்வியகத்தின் பெயரே முதன்மை. அவருக்கு வேண்டியிருந்தது வகுபடாத எண் இல்லை. எண்களுக்குள் முன்வரிசைக் கதிரையில் உட்காருகிற ஒன்று. பெரிதாக, பளபளப்பாக, இரண்டு பக்கமும் காவலாள் மாதிரி ஒன்றும் ஒன்றும் நிற்க, நடுவில் பூச்சிய ஊர்வலம். பார்த்தவுடன் பிடித்துப்போயிருக்கும்.

பகா எண் என்று நாங்களும் சொல்லிப் பழகியிருந்தால், அந்த மனிதர் ஒரு தடவையாவது வகுத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கருத்தரங்கு

தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். பஹீமாவின் பின்னறையில் பிள்ளைகளைவிட மூட்டைகள் கூடிவிட்டன. அந்த நேரம் பார்த்து சேர் பெற்றோருக்கு ஒரு இலவசக் கருத்தரங்கு வைத்தார். ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் அறிவித்தார்கள். நான் பஹீமாவை இழுத்துக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் கதிரைகள், சோடா, முன்வரிசையில் பிள்ளைகள். சேர் சட்டையில் குத்திய மைக்கோடு நடந்து நடந்து கதைத்தார். குரல் நல்ல குரல், அதை மறுக்க ஏலாது.

"பெற்றோருக்கு ஏதும் கேள்வி இருக்கா?"

நான் பெற்றோர் இல்லை. எழும்பினேன்.

"சேர், வெளியில இருக்கிற எண்ணை ஏழால வகுத்துப் பாத்தனீங்களா?"

அவர் சிரித்தார். "தங்கச்சி எந்த ஸ்கூல்?"

"கம்பஸ் முடிச்சிட்டன் சேர்."

"இப்ப எங்க வேலை?"

"வேலை இல்லை."

"வேலை இல்லாட்டி இப்பிடித்தான். இருந்து ஏழால வகுத்துக்கொண்டு இருக்கோணும்."

மண்டபம் சிரித்தது. சரி, பகிடி நல்ல பகிடிதான். நானும் உட்காரவில்லை.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கடைசி இலக்கம் ஒண்டு. ரெண்டால போகுமா?"

"போகாது சேர்."

"அஞ்சால?"

"போகாது சேர்."

"இலக்கச் சுட்டி ரெண்டு. மூண்டால, ஒம்பதால?"

"போகாது சேர்."

"பிறகென்ன தங்கச்சி?"

இதுதான் அவர் செய்த முழு ஆராய்ச்சியும். பள்ளிக்கூடத்தில் இலக்கங்களைக் கூட்டி இலக்கச் சுட்டி எடுத்து வகுபடுமா என்று பார்க்கிற விதிகள் படித்திருப்பீர்கள். ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பாடத்தில் ஏழுக்கு விதி இல்லை. சேர் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டார். விதி இல்லாத எண்ணால் வகுபடவும் ஏலாதாம்.

"ஏழு மிச்சம் சேர்," என்றேன்.

"ஏழுக்கு விதி இல்ல தங்கச்சி. புத்தகத்தில இல்ல."

"அப்ப எழுபத்தேழு? அதுவும் உங்கட எல்லா விதியிலயும் தப்புது. அதுவும் முதன்மை எண்ணா?"

முன்வரிசையில் ஒரு குட்டி எழும்பினாள். "எழுபத்தேழு ஏழாம் வாய்ப்பாட்டில இருக்கு சேர்."

"இருங்க மகள்," என்றார் சேர். "எழுபத்தேழு சின்ன எண். இது பெரிய எண். பெரிய எண்ணைப் பற்றிக் கதைக்கேக்க கொஞ்சம் மரியாதையாக் கதைக்கோணும்."

பின்வரிசையில் ஒரு தகப்பன் போனை எடுத்துக் கணக்கு அடித்தார். எல்லாரும் திரும்பினார்கள். அவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அறிவித்தார்:

"தசமப் புள்ளி வருது. பிரியேல்ல."

மண்டபம் கைதட்டியது. சேர் கையை விரித்தார், பனரில் கட்டியிருந்த அதே கை. அந்தத் தகப்பன் ஒரு பூச்சியத்தைக் குறைத்து அடித்திருந்தார். பத்துக் கோடியே ஒன்று ஏழால் போகாது, மூன்று மீதி வரும். ஆனால் அந்தக் கைதட்டலுக்குள் எனக்குச் சொல்ல வந்தது எதுவும் வாயில் நிற்கவில்லை. கத்தினேன், அவ்வளவுதான். என்ன கத்தினேன் என்பதை இந்த வார இதழ் அச்சிடாது.

அப்போதுதான் பஹீமா எழும்பிப் போனாள். யாரையும் கேட்கவில்லை. சோக்கை எடுத்துப் பலகையில் 142857143 என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரு ஏழு.

"பிரிக்க வேணாம் புள்ளைகள்," என்றாள். "பெருக்குவம். என்னோட சேந்து செல்லுங்க. ஏழு மூண்டு?"

"இருபத்தொண்டு."

"ஒண்டைப் போட்டு ரெண்டை மேல வைப்பம். ஏழு நாலு?"

"இருபத்தெட்டு."

"ரெண்டைக் கூட்டினா?"

"முப்பது."

"பூச்சியம் போட்டு மூண்டை மேல. ஏழு ஒண்டு ஏழு, மூண்டு பத்து. என்ன போடுற?"

"பூச்சியம்."

ஏழு ஏழு நாற்பத்தொன்பது, மேலே இருந்த ஒன்றோடு ஐம்பது. பூச்சியம். அடுத்தது நாற்பது. அடுத்தது அறுபது. ஒவ்வொரு தடவையும் மேலே வைத்தது சரியாக வந்து பொருந்தி, கீழே இன்னொரு பூச்சியம் விழுந்தது. பிள்ளைகள் அவளுக்கு முந்திக்கொண்டு கத்தத் தொடங்கினார்கள். நாலாவது பூச்சியத்துக்குப் பிறகு தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். கணக்கு அடித்த தகப்பன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"ஏழு ஒண்டு ஏழு, மூண்டு?"

"பத்து."

அவள் பத்தை எழுதிவிட்டுச் சோக்கைக் கீழே வைத்தாள். பலகையில் ஒன்று, பூச்சிய ஊர்வலம், ஒன்று.

"சேர்," என்றாள் அந்தக் குட்டி, "அது எங்கட பனர் எண்."

ஒரு கோடு

இந்த இடத்தில் வேறொருவர் என்றால் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். நான் காத்திருந்ததும் அதற்குத்தான். சேர் பலகையைப் பார்த்தார். பிறகு கைதட்டினார். தனியாக, நிதானமாக.

"பாத்தீங்களா பெற்றோரே," என்றார். "பிழையைக் கண்டுபிடிக்கிற ஆக்களைத்தான் நாங்க வச்சிருக்கிறம். இந்த மிஸ் வாற திங்கள் தொடக்கம் எங்கட கல்வியகத்தில படிப்பிக்கப் போறா."

பஹீமாவுக்கும் இது புதுச் செய்தி. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சோக்கை எடுத்து அவருடைய முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். அவள் மேசையிலிருந்த மற்ற மைக்கை எடுத்தாள்.

"மூண்டு விசயம் சேர்," என்றாள், எல்லாருக்கும் கேட்க. "ஏழாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும் எனக்கு. என்ன படிப்பிக்கிற எண்டு நான்தான் தீர்மானிப்பன். என்ட பேர் பனர்ல வரணும், வாப்பா ரோட்டில நிண்டு கண்ணாடி இல்லாம வாசிக்கிற அளவுக்கு."

சேர் தலையாட்டினார். நூறு பேருக்கு முன்னால் அறிவித்துவிட்டு வேறு என்ன செய்வது? பிறகு சட்டை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார். கிட்டப் போயிருந்தபடியால் எனக்குக் கேட்டது.

"மிஸ், அப்ப அந்த எண்ணை என்ன செய்யிறது? பனரைக் கழட்டுறதா?"

"கழட்ட வேணாம். கடைசி ஒண்டுக்கு மேல இடப்பக்கமா ஒரு கோடு இழுங்க. ஏழாயிரும்."

"ஏழானா?"

"1000000007. அது முதன்மை எண் சேர். எவராலயும் உடைக்க ஏலா."

உண்மைதான். கணினி நிரல் எழுதிப் பழகிய எவரைக் கேட்டாலும் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஒன்றுக்குப் பதில் ஏழைக் கூட்டியிருந்தால் அந்த மனிதர் முதல் நாளே தப்பியிருப்பார். அதை நான் உயிர் போனாலும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டேன். இவள் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

கிண்ணியா பஸ் நிற்கிற இடத்தில் சண்டை பிடித்தோம். கொண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாள்ட மானம் கப்பலேறுற நேரத்தில நீயே கயிறு போட்டு இழுத்துக் குடுத்திட்டாய்," என்றேன்.

"அவர்ட மானத்தை வச்சு நான் என்னடீ செய்ற?"

"உன்ட வகுப்பு?"

"எந்த வகுப்பு? சாச்சாட மகளும் நாப்பது மூட்டையுமா?"

"எதிர்ப்பக்கம் போய்ச் சேந்திட்டாய் பஹீமா."

"ரோட்டைக் கடந்திரிக்கேன், அவ்வளவுதான்," என்றாள். பஸ் உறுமியது. படியில் ஏறி நின்றுகொண்டு திரும்பினாள். "துஷி, ஒனக்கு அவர் தோக்கணும். எனக்கு இஞ்ச இரிக்கணும். ரெண்டையும் ஒரே கணக்கு எண்டு நீதான் நெனச்ச."

பஸ் போய்விட்டது. சொல்வதற்கு எனக்கு நல்ல பதில் ஒன்று வந்தது. பத்து நிமிடம் பிந்தி.

அடுத்த கிழமை ஒரு பெயின்ற்காரர் ஏணி வைத்து ஏறி, கடைசி ஒன்றின் தலையில் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் கோணல். கீழே "பஹீமா மிஸ்" என்று புதுத் துண்டு ஒன்று ஒட்டினார்கள். அவளுடைய வாப்பா கிண்ணியாவிலிருந்து வந்து, கடை வாசலில் நின்று அதை வாசித்தார். கண்ணாடி போடவில்லை.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிரிக்கலாம்," என்று சாச்சாவிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி மகனுக்குப் போன் எடுத்தார். "கூட்டாளிக்கிட்டச் செல்லு, வேற எடம் பாக்கட்டும் எண்டு. அவ இஞ்ச மிஸ்ஸா இரிக்கா."

இந்த முழுக் கதையிலும் ஒரு தடவையாவது கணிதம் வென்றதா என்று என்னைக் கேட்காதீர்கள். சேருக்கு இப்போது முன்னையைவிடப் பிள்ளைகள் கூட. பனர் இப்போது உண்மை சொல்கிறது. அவர் எங்காவது போகும்போது, அந்த ஏழைத் தானே யோசித்துப் போட்டதாகச் சொல்கிறாராம். சொல்லட்டும். ஏன் அது வகுபடாது என்று யாராவது கேட்டால் எட்டாம் ஆண்டு மிஸ்ஸிடம் அனுப்புகிறாராம். அந்த அளவுக்காவது விளங்கியிருக்கிறது.

இன்றைக்குப் புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி. நான் இன்னும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்; பஹீமா இரண்டாம் மாடியில் வகுப்பில் நிற்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது.